சிவப்பு மரத்தூள்

மார்ச் 4, செவ்வாய்

பட்டறைக் காற்றின் ஈரத்தைக் காட்டும் ஈரமானியின் முள் காலையில் நாற்பத்தாறில் நின்றது. நல்ல நாள் என்று அர்த்தம். மாமரத்தில் பகடைக்கு அறுபது சதுரம் அறுத்தேன். இரண்டில் பொடி வெடிப்பு, தூக்கிப் போட்டேன்.

சின்னவள், என் தங்கை, பத்து நிமிடம் தாமதம். மாடியிலிருந்து பட்டறைக்குப் பதினாறு படி. பதினாறு படி இறங்கப் பத்து நிமிடம். கேட்டால், "அவரை அனுப்பிட்டு வரேன்லக்கா" என்கிறாள். அவள் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறார். அவரை நம்பி ஊரில் பாதிப்பேர் நேரத்துக்கு வேலைக்குப் போகிறார்கள். அவர் பெண்டாட்டிக்கு மட்டும் நேரம் என்பதே கிடையாது.

ஆனால் கை நல்ல கை. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். நான் அறுப்பேன், துளை போடுவேன், எண் செதுக்குவேன். உப்புத்தாளில் தேய்ப்பது அவள்தான். அவள் தேய்த்த முகத்தில் விரலை வைத்தால் வழுக்கும். அவளிடம் இதைச் சொன்னதில்லை. சொன்னால் பதினைந்து நிமிடம் தாமதமாக வருவாள்.

மார்ச் 11

விளையாட்டுக் கழகத்தின் செயலாளர் வந்திருந்தார். கதை சொல்லி ஆடும் ஆட்டம், ஆளுக்கு ஏழு பகடை. நான்கு முகத்தில் தொடங்கி இருபது முகம் வரை. ஜூன் பதினாலில் அவர்களுக்குப் பெரிய போட்டி, அறுபது செட் வேண்டுமாம். ஆக நானூற்று இருபது பகடை.

தேக்கு, மா, ஈட்டி என்று எல்லாவற்றையும் மேசையில் பரப்பிக் காட்டினேன். மனிதர் எதையும் தொடவில்லை. "அந்தச் சிவப்பு மரம் இருக்குமே, கறுப்புக் கோடு ஓடுமே, அதுதான் வேணும். மத்ததெல்லாம் பலகை மாதிரி இருக்கு." பலகை மாதிரி இல்லாமல் மரம் வேறு எப்படி இருக்கும்? சிரித்துவைத்தேன்.

மாமரம் நேர்மையானது, யார் கண்ணுக்கும் படாது. சிவப்பு மரம் கடல் கடந்து வருவது. அதன் ஊர்ப்பெயர் கோமாளி பெயர் மாதிரி இருக்கும், நாங்கள் சிவப்பு என்பதோடு சரி. கல் மாதிரி கனம், எண்ணெய்ப் பசை, அறுத்தால் வாசனைப் பொருள்கள் அடைத்த டப்பாவைத் திறந்த மாதிரி மணம். சின்னவளுக்கு அந்த மணம் உயிர். தேய்த்த கையை முகர்ந்துகொண்டே மாடிக்குப் போவாள்.

சரி என்றேன். அறுபது செட்டும் சிவப்பு.

மார்ச் 19, புதன்

இன்று ஒரு சச்சரவு. புழுக்கமாக இருக்கிறது, ஜன்னலைத் திறக்கலாமா என்றாள்.

இந்தக் கேள்விக்கு எத்தனை முறை பதில் சொல்வது? இரண்டு வருடத்துக்கு முந்தைய மழையில், ஜன்னல் திறந்திருந்த ஒரே வாரத்தில், இருபது முகப் பகடை தொண்ணூறு ஊதிப்போயின. மரம் ரேகைக்குக் குறுக்கேதான் ஊதும். ஒரு பக்கம் முடியளவு பெருத்தாலும் போதும், பகடை ஒரு எண்ணுக்கு உறவாகிவிடும். உப்புத் தண்ணீரில் மிதக்கவிட்டுச் சுண்டினால் பதினேழு, பதினேழு, மறுபடி பதினேழு. தொண்ணூறையும் உடைத்தேன். அன்றிலிருந்து ஜன்னல் மூடித்தான். கதவின் கீழே துணியைச் சுருட்டி வைத்தேன். மின்விசிறியையும் கழற்றினேன். முள் நாற்பத்தைந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவில் நிற்கிறது. பதினெட்டு வருட வேலையில் நான் கண்டுபிடித்த ஒரே நல்ல காரியம் இது.

"நீ மரத்துக்குக் குடுக்கற மரியாதைய மனுஷங்களுக்குக் குடுக்க மாட்டியாக்கா" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன். ஜன்னல் திறக்கவில்லை.

ஏப்ரல் 2

சின்னவளுக்கு மணிக்கட்டிலும் கழுத்திலும் செந்தடிப்பு. சோப்பை மாற்று என்றேன்.

ஏப்ரல் 16

மரக்கடைக்காரர் இரண்டாவது சுமையை இறக்கினார். பட்டறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டார். மேசை, தரை, சுவர், எங்கள் புருவம், எல்லாம் செம்பொடி.

"மூக்கைக் கட்டிக்கிட்டுச் செய்யுங்கம்மா. இந்த மரம் எல்லாருக்கும் ஒத்துக்காது. எங்க கடையில ஒருத்தருக்கு முகமே வீங்கிடுச்சு."

"பதினெட்டு வருஷமா இதே தூளுக்குள்ளதான் இருக்கேன். என் முகம் வீங்கியிருக்கா?"

"இல்ல. சொன்னேன், அவ்வளவுதான்."

ஊரில் சும்மா கிடைப்பது புத்திமதி ஒன்றுதான். சின்னவள் மட்டும் அன்று மத்தியானம் ஒரு கைக்குட்டையை எடுத்து மூக்கில் கட்டினாள். மூச்சு முட்டுகிறது என்று அரை மணியில் அவிழ்த்தும் விட்டாள்.

ஏப்ரல் 28, திங்கள்

இருமுகிறாள். காலையில் இல்லை. பதினோரு மணிக்குத் தொடங்கி, மத்தியானம் ஏறி, மாலையில் ஓயாமல். இருமும்போது கை உதறுகிறது. உதறும் கை ஒரு முகத்தைக் கூடுதலாகத் தின்றுவிடுகிறது. இன்று தண்ணீரில் போட்ட முப்பதில் ஒன்பது தேறவில்லை. ஒன்பது. சாதாரணமாக ஒன்று போகும், இல்லையென்றால் இரண்டு.

வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். கஷாயம் போட்டுக் கொடுத்தேன். குடிக்கிறாள். இருமுகிறாள்.

மே 6

அவள் வீட்டுக்காரருடைய அண்ணன் வீட்டுக்குப் பத்து நாள் போயிருக்கிறார்கள். "இப்பவா?" என்றேன். "அவருக்கு இப்பதான்க்கா லீவு குடுத்தாங்க." தலைக்கு மேல் வேலை கிடக்கிறது. நானே தேய்க்கிறேன். என் கை அவள் கை இல்லை.

மே 17, சனி

நேற்று மாலை வந்தார்கள். கண் தெளிந்து, கன்னம் கொஞ்சம் உப்பி, நடையே வேறாக இருந்தது. அவள் வீட்டுக்காரர் பையை இறக்கிக்கொண்டே சொன்னார்: "அங்க போன மூணாம் நாள்ல இருந்து ஒரு இருமல் இல்லக்கா. ராத்திரி ஒரே தூக்கம்." நல்ல சேதிதான். நானும் நல்ல சேதி என்றேன்.

இன்று காலை எட்டரைக்கு உட்கார்ந்தாள். பதினொன்றுக்கு இருமத் தொடங்கினாள்.

நான் இதை ஒளிக்காமல் எழுதி வைக்கிறேன், ஏனென்றால் நான் கேட்டது நியாயம். ரம்பத்தை நிறுத்திவிட்டுக் கேட்டேன். "பத்து நாள் இல்லாத இருமல், பட்டறைக்குள்ள வந்ததும் எங்கேருந்து வருது?"

"தெரியலக்கா."

"எனக்குத் தெரியும். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

நிமிர்ந்து பார்த்தாள். "நான் நடிக்கறேன்னு சொல்றியா?"

"லீவுன்னா வராது, வேலைன்னா வரும். அதுக்கு நீயே ஒரு பேர் வை."

அவள் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. உப்புத்தாளை மடித்துக்கொண்டு அடுத்த பகடையை எடுத்தாள். 

மே 23

இருமல் நின்றுவிட்டது. சொன்னால்தான் சிலருக்கு உறைக்கிறது.

மே 29

இப்போது புதிய பழக்கம். மணிக்கு ஒரு தடவை எழுந்து கொல்லைப்பக்கம் போகிறாள். குழாயை முழுக்கத் திறந்துவிட்டு ஐந்து நிமிடம், பத்து நிமிடம். கை கழுவுகிறாளாம். தூளை அப்படி என்ன கழுவுவது? திரும்பி வரும்போது முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர். "சோப்பு பட்டுடுச்சு" என்கிறாள்.

இன்னும் நூற்றுப் பத்து பகடை பாக்கி. எல்லாம் இருபது முகமும் பன்னிரண்டு முகமும்.

ஜூன் 3

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தாளாம், அவளாகவே. மாத்திரை அட்டை மேசையில் இருந்தது. என்னவாம் என்றேன். "ஒண்ணும் இல்ல, சளி." போட்டி முடிந்ததும் ஒரு வாரம் ஓய்வெடு என்றேன். கொஞ்சம் இறங்கித்தான் பேசினேன். "முடிச்சுக் குடுத்துடலாம்க்கா, நீ கவலப்படாத" என்றாள்.

ஜூன் 9

ஆஸ்பத்திரி.

ஜூன் 10, செவ்வாய்

உயிரோடு இருக்கிறாள். முதலில் இதை எழுதிவிடுகிறேன்.

நேற்று மூன்று மணி இருக்கும். நான் அவளுக்கு முதுகைக் காட்டி எண் செதுக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் விசில் மாதிரி மெல்லிய சத்தம். வெளியே யாரோ சைக்கிளுக்குக் காற்றடிக்கிறார்கள் என்று நினைத்தேன். பிறகு மேசையை இரண்டு முறை தட்டினாள். நான் திரும்பாமலே, "மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா" என்றேன்.

மறுபடியும் ஆரம்பிச்சிட்டியான்னு கேட்டேன். அதுதான் கேட்டேன். இதை அடிக்கக் கூடாது, இப்படியே இருக்கட்டும்.

திரும்பியபோது இரண்டு கையையும் மேசையில் ஊன்றி, தோள் காது வரை ஏறி, வாயைத் திறந்து வைத்திருந்தாள். உதடு நீலம். கதவை இழுத்தேன், வரவில்லை. நான் வைத்த துணி அடியில் சிக்கி, கதவு அசையவில்லை. காலால் உதைத்துத் துணியைப் பிய்த்தேன். அவளை இழுத்துக்கொண்டு போய் வாசலில் உட்காரவைத்தேன். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா ஆம்புலன்சுக்கு ஃபோன் அடித்தார்கள்.

வந்த இருவரில் ஒருவர் அவள் முகத்தில் மூச்சுக்கருவியைப் பொருத்தினார். இன்னொருவர் உள்ளே போய் எட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு ஜன்னலையும் அடித்துத் திறந்தார். அப்போது நான் ஈரமானியைப் பார்த்தேன். முள் எழுபதுக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த நேரத்திலும் அதைப் பார்த்தேன். நான் என்ன ஜென்மம்?

ஜூன் 12

டாக்டரம்மா இளம் வயது. அதட்டிப் பேசவில்லை. அதட்டியிருக்கலாம்.

"இவங்க என்ன வேலை பாக்கறாங்க?"

"மரத்துல பகடை செய்யறாங்க டாக்டர்" என்றார் அவள் வீட்டுக்காரர்.

காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். "போன வாரம் வந்தப்போ வீட்டு வேலைன்னு சொல்லியிருக்காங்களே."

வேலை என்னவென்று சொன்னால் டாக்டர் நிறுத்தச் சொல்வார், நிறுத்தினால் அறுபது செட் முடியாது, முடியாவிட்டால் அக்கா... முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறாள். யாருக்காக என்று எனக்குத் தெரியாதா?

பிறகு டாக்டரம்மா கேட்டார். "நடுவுல வேலைக்குப் போகாம எங்கயாவது இருந்தாங்களா? அப்போ எப்படி இருந்துச்சு?"

அவள் வீட்டுக்காரர் சொன்னார். மூன்றாம் நாள் இருமல் நின்றது, நல்ல தூக்கம், திரும்பி வந்ததும் மறுபடி. டாக்டரம்மா எழுதிக்கொண்டே தலையாட்டினார். "அதுதான் அடையாளம். வேலை இடத்தை விட்டா நிக்கும், திரும்பிப் போனா வரும். அப்பவே விட்டிருந்தா இவ்வளவு ஆகியிருக்காது."

லீவுன்னா வராது, வேலைன்னா வரும். அதுக்கு நீயே ஒரு பேர் வை. பேர் இருக்கிறது. டாக்டரம்மா எழுதிக் காட்டினார், மூன்று வரிக்கு நீளமான பேர்.

"எனக்கு ஒண்ணும் ஆகலையே டாக்டர். பதினெட்டு வருஷமா நானும் அதே அறைலதான்."

"எல்லார் உடம்பும் ஒண்ணு இல்லம்மா. சிலருக்கு ஒத்துக்காம போயிடும். ஒரு தடவை அப்படி ஆச்சுன்னா அப்புறம் துளி தூள் போதும். இந்த மரம்தான்னு இல்ல, எந்த மரத்தூளும்."

ஜூன் 13, வெள்ளி

பாக்கி இருந்தது பதினெட்டு. நேற்றும் இன்றும் உட்கார்ந்து முடித்துவிட்டேன். அவள் அங்கே மூக்கில் குழாயோடு படுத்திருக்க, நான் இங்கே பதினெட்டுப் பகடையைத் தேய்த்து, உப்புத் தண்ணீரில் போட்டு, ஒவ்வொன்றையும் இருபது தடவை சுண்டிப் பார்த்தேன். எல்லாம் தேறின. செயலாளர் வந்து வாங்கிக்கொண்டு, "கையில எடுத்தாலே தெரியுது" என்றார். ஏன் செய்தேன்? அவள் முடிக்கச் சொன்னாள் என்று சொல்லிக்கொள்ளலாம். சொல்லிக்கொண்டேன்.

ஜூன் 24

அவளை இங்கே கூட்டிவரக் கூடாதாம். பட்டறையைப் பூட்டினாலும் பிரயோஜனமில்லை. மாடிப்படி, திரை, மெத்தை, என் தலைமயிர், எல்லாவற்றிலும் தூள் இருக்கும் என்கிறார்கள். அவள் வீட்டுக்காரர் ஏழு நிறுத்தம் தள்ளி வீடு பார்த்திருக்கிறார். மூன்றாவது மாடி, காற்றோட்டமாம். லிஃப்ட் இல்லை.

சாமானில் பாதியை இங்கேயே விட்டுவிட்டார். துணியெல்லாம் புதிது வாங்குகிறாராம். வண்டியில் ஏற்றியபின் என்னிடம் வந்தார். கோபமாகப் பேசத் தெரியாத மனிதர்.

"அக்கா, ஜன்னலைத் திறக்கச் சொல்லி அவ உங்ககிட்ட எத்தனை தடவை கேட்டா?"

நான் எண்ணிக்கொண்டிருந்தேன். நான் எண்ணி முடிப்பதற்குள் அவர் போய்விட்டார்.

ஜூலை 1

மிச்சம் இருந்த சிவப்பு மரத்தை மரக்கடைக்காரரிடமே திருப்பி அனுப்பினேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

ஜூலை 9

சுவரைத் துடைத்தேன். மூன்று தடவை துடைத்தும் வாளித் தண்ணீர் சிவப்பாகத்தான் வந்தது. இயந்திரங்களைப் பிளாஸ்டிக் தாளால் மூடிவிட்டேன். ஃபோனில் சின்னவளிடம், "விட்டுட்டேன்டி, எல்லாத்தையும் மூடிட்டேன்" என்றேன். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அழுதாளா, மூச்சு வாங்கினாளா, ஃபோனில் தெரியவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

போய்ப் பார்த்தேன். இரண்டு முறை தலைக்குக் குளித்து, புதுப் புடவை, புதுச் செருப்பு. முடியைக் கழுத்து வரை வெட்டிக்கொண்டேன். கதவைத் திறந்தவள் என் தலையைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில், அவள் வீட்டுக்காரர் பயந்துபோய் இன்ஹேலரை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"என்னக்கா இது, பள்ளிக்கூடத்துப் பொண்ணு மாதிரி."

ஒரு மத்தியானம் முழுக்க இருந்தேன். இளைத்திருக்கிறாள். ஒரு வாக்கியம் பேசிவிட்டு நிறுத்தி, அடுத்ததைத் தொடங்குகிறாள். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்கள், போகிற வழியில் உட்கார. ஆனால் இருமவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், இருமவில்லை.

மன்னிச்சிடு என்று சொல்லத்தான் போனேன். காய் நறுக்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 30

கழகச் செயலாளர் இன்னொரு நாற்பது செட் கேட்டார். இல்லை என்றேன். சிவப்பு மரம்தானே பிரச்சினை, மாமரத்தில் செய்யலாமே என்றார். இல்லை என்றேன்.

செப்டம்பர் 8, திங்கள்

கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது கட்டைவிரல் தானாக எதையோ தேய்க்கிறது. காலையில் எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று தெரியவில்லை. ஐம்பத்தொரு வயதில் எனக்கு வேறு என்ன தெரியும்? சமைப்பேன், ஒருத்திக்கு எவ்வளவு சமைப்பது?

தாளை விலக்கினேன். ஒரே ஒரு மாமரப் பகடை. ஆறு முகம். ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் செய்தேன். சாதாரண மாமரம்.

செப்டம்பர் 11

இன்று எட்டுப் பகடை.

செப்டம்பர் 16

நாற்பது செட்டுக்குச் சரி என்று சொல்லிவிட்டேன். எல்லாம் மா, கொஞ்சம் தேக்கு. எந்த மரத்தூளும் ஆகாது என்று டாக்டரம்மா சொன்னது நினைவிருக்கிறது. இங்கே அவள் இல்லையே. யாருக்கு என்ன?

செப்டம்பர் 21, ஞாயிறு

குளித்துவிட்டுத்தான் போனேன். ஆனால் காலையில் இரண்டு மணி நேரம் தேய்த்திருந்தேன். குளித்தால் போய்விடும் என்று நினைத்தேன். நினைத்தேனா? நினைத்ததாக வைத்துக்கொண்டேன்.

கதவைத் திறந்ததும் கட்டிக்கொண்டாள். முகத்தை என் கழுத்தில் புதைத்தாள். அப்படியே ஒரு கணம் நின்று, மெதுவாக விலகி என்னைப் பார்த்தாள். மாமரத்துக்கு வாசனை இல்லை என்பார்கள். அது வெளியாட்களுக்கு. அவள் கண்ணை மூடிக்கொண்டு எந்த மரமென்று சொல்வாள்.

"வேலை ஏதும் இல்லாம பொழுது போகுதாக்கா?"

"போகுது. நடக்கப் போறேன். தையல்காரம்மாவோட பேசிக்கிட்டிருக்கேன்."

"நல்லது" என்றாள். என்னை உட்காரச் சொன்னாள். டீ போடுகிறேன் என்று சமையலறைக்குப் போனாள். நடுவழி நாற்காலியில் உட்காரவில்லை, நேராகப் போனாள். குழாயை முழுக்கத் திறந்த சத்தம் கேட்டது.

ஐந்து நிமிடம். பத்து நிமிடம்.

எழுந்து போய்ப் பார்த்தேன். தொட்டியின் விளிம்பைப் பிடித்துக் குனிந்திருந்தாள். தோள் ஏறி ஏறி இறங்கியது. ஒரு கையில் இன்ஹேலர். என்னைப் பார்த்ததும் அதை முந்தானைக்குள் மறைத்துச் சிரிக்கப் பார்த்தாள். "புரையேறிடுச்சுக்கா." எதுவும் குடிக்காமலே புரையேறியது.

கொல்லைப்பக்கக் குழாயடியில் அவள் என்ன கழுவினாள் என்று இப்போதுதான் எனக்கு முழுசாகத் தெரிந்தது. அன்று என்னிடம் திட்டு வாங்காமல் இருக்க மறைத்தாள். இன்று என்னை வெட்கப்படுத்தாமல் இருக்க மறைக்கிறாள். பஸ் பிடிக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டேன். டீ குடிக்கவில்லை. "அடுத்த ஞாயிறு வருவல்ல?" என்று கேட்டாள். வருவேன் என்றேன்.

செப்டம்பர் 22

மறுபடி தாளைப் போட்டு மூடினேன். இந்தத் தடவை கயிறு போட்டுக் கட்டினேன்.

செப்டம்பர் 28

போகவில்லை. தலைவலி என்று சொன்னேன். உடம்பிலிருந்து முழுக்கப் போகட்டும், அடுத்த வாரம் பார்க்கலாம்.

அக்டோபர் 3

கயிற்றை அவிழ்த்தேன். பதினொரு நாள்.

அக்டோபர் 5, ஞாயிறு

யாரும் படிக்கப் போவதில்லை, எழுதிவிடுகிறேன். ஒன்று அவள், ஒன்று இது. இரண்டும் சேர்ந்து கிடையாது. வேறு யாராவது கேட்டால் இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் அந்தப் பதினொரு நாளும் நான் அவளை நினைத்துக்கொண்டிருக்கவில்லை. மேசையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளைத் தூக்கி வளர்த்தவள் நான். அம்மா வேலைக்குப் போனபோது இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தவள் நான். அப்படியிருந்தும் மேசையைத்தான் நினைத்தேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை, ஆனால் கை நிற்கவில்லை.

போய் அவள் எதிரில் உட்கார்ந்து பொய் சொல்லி, அவளைக் குழாயடிக்கு அனுப்புவதைவிடப் போகாமல் இருப்பது மேல். அவளுக்கு அதுவாவது மிஞ்சட்டும்.

ஃபோன் செய்தேன். "முட்டி வலி தாங்கலடி. மூணு மாடி ஏற முடியாது இனிமே. ஃபோன்லயே பேசிக்கலாம்."



"எப்பலேருந்துக்கா?"

"ரெண்டு வாரமா."

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"வயசாச்சு, இதுக்கெல்லாம் எதுக்கு டாக்டர்."

"சரிக்கா" என்றாள். நம்பினாளா என்று தெரியவில்லை. எனக்கு இரண்டு முட்டியும் நன்றாகத்தான் இருக்கின்றன.

அக்டோபர் 14

நாற்பது செட்டும் முடிந்தது. தண்ணீரில் தேறாதது மூன்றே மூன்று.

அக்டோபர் 19, ஞாயிறு

பதினொரு மணிக்கு அவள் வீட்டுக்காரர் வந்தார். உள்ளே வரவில்லை, வெளிக் கதவுக்கு அப்பாலேயே நின்றார். சட்டையில் எதுவும் ஒட்டிவிடக் கூடாதே. கம்பி வழியாக ஒரு காகிதப் பையை நீட்டினார். மருந்துக்கடைப் பை.

"முட்டிக்குப் போடற பட்டை. அவ குடுக்கச் சொன்னா. நான் வாங்கித் தரேன்னேன், கேக்கல. தானே இறங்கி, கடை வரைக்கும் நடந்து போய் வாங்கினா. வழியில ரெண்டு தடவை உக்காந்தா. மேல ஏறத்தான் முக்கால் மணி நேரம் ஆச்சு."

பையில் இரண்டு பட்டை இருந்தன.

"எந்தக் கால்னு நீங்க சொல்லலையாம். அதான் ரெண்டுக்கும்."

வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார். நகக்கண்ணில் தூள், மணிக்கட்டு வரை வெளுப்பு. நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. இழுத்து என்ன ஆகப்போகிறது. ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தன் சட்டையின் முன்பக்கத்தை இரண்டு தடவை தட்டிவிட்டுக்கொண்டார்.

"முட்டி வலியாவே இருக்கட்டும்க்கா" என்றார். "அளவு சரியா இருக்கான்னு மட்டும் அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

போனதும் பட்டறைக்கு வந்து உட்கார்ந்து, இரண்டு காலிலும் போட்டுக்கொண்டேன். பிறகு அவளைக் கூப்பிட்டு, அளவு சரியாக இருக்கிறது என்று சொன்னேன்.